பனியின் உயிரெழுத்து

ஹல் நகரில் அன்று ஒன்பதரைக்கே விளக்குப் போட்டார்கள்.
ஹம்பர் ஆற்றிலிருந்து ஏறிவந்த ஈரம்
கிளினிக் கண்ணாடியில்
வழிவதா உறைவதா என்று நின்றது.

பிராடிக்கு நாலு வயது, இரண்டு மாதம்.
ஒரு காலுறை சுருண்டு ஷூவுக்குள் போயிருந்தது.
எதிரே ஹெஸ்டர். தெற்கே கில்ட்ஃபோர்டிலிருந்து
பேச்சுச் சிகிச்சை வேலைக்கு வந்து பதினோராம் நாள்.
கையில் படச்சீட்டுகள், மடியில் தாள்.

நினைத்ததை எழுதாதே, கேட்டதை எழுது:
அவள் படித்த படிப்பின் முதல் விதி.
சாவியைப் பார்த்துப் பிள்ளை 'டீ' என்றான்.
t என்றே எழுதினாள்,
பித்தளைச் சாவி அவன் கண்ணில் மின்னியபோதும்.

கட்டங்களுக்குள் குடியேறின குறிகள்.
கவிழ்ந்து கிடக்கும் ஒரு e:
தொடங்கியதும் முடிந்ததும் தெரியாமல்
நம் குற்றியலுகரம் போலத் தேய்ந்துபோகிற உயிர்.
புள்ளியைத் தொலைத்த ஒரு கேள்விக்குறி:
தொண்டை தன் கதவைச் சாத்தித் திறக்கும்
இமைப்பொழுதுக்கு அதுதான் அடையாளம்.

அடுத்து ஆட்டுப் படம்.
g பிறக்க வேண்டிய இடம்வரை போகாமல்
பல்லடியிலேயே நின்றுவிட்டது நாக்கு. d.
சிவப்பு வட்டம்.
ஆனால் அதன்பின் வந்த உயிர்?
அவள் எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை.
உதடு குவியவில்லை,
ஒலி வாயின் நடுவிலேயே நீண்டு படுத்தது.
ɜː
என்று எழுதினாள். மூன்று என்ற இலக்கம் போலொரு குறி,
நெடிலுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன முக்கோணம்.
அதற்கும் வட்டம்.
கோட், போன், பனி:
ஒவ்வொன்றிலும் அதே மூன்று, ஒவ்வொன்றுக்கும் வட்டம்.

அந்தப் பனியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
ஸ்னே என்றால் கூடிப்போகிறது.
ஸ்னா என்றால் வேறு ஊர்.
ஸ்னோ என்று எழுதினாலோ
ஹெஸ்டர் கட்சியில் சேர்ந்துவிடுகிறேன்.

பின்னால் நாற்காலியில் அம்மா, கெர்ரி-ஆன்.
கேரவன் ஆலையில் இரவு ஷிப்ட்;
நகக்கண்ணில் இன்னும் பசை.
தாளை எட்டிப் பார்த்தவள்
சட்டென்று எழுந்தாள்.

"எல்லாத்துக்கும் மூணுதானா?
பத்துக்கு மூணா?
பனி தெரியும் அவனுக்கு. நேத்து அதுலதான் உருண்டான்.
தெரியும்ங்க!"

தெரியும் என்று அவள் சொன்ன
அந்த ஒற்றை இங்கிலீஷ் சொல்லுக்குள்
நீண்டு படுத்திருந்தது அதே மூன்று.

ஹெஸ்டர் பேனாவை மூடினாள்.
தேவையே இல்லாமல் ஒன்று கேட்டாள்:
எந்த ரோட்டில் வந்தீர்கள்?
ஹெஸில் ரோடு, என்றாள் கெர்ரி-ஆன்,
பஸ் ஸ்லோ, வீட்டுக்குத் திரும்ப மணி ரெண்டாகும்,
போனில் சார்ஜ் இல்லை.
மூன்று, மூன்று, மூன்று, மூன்று.
ஹெஸ்டரின் காது மட்டும் எழுதிக்கொண்டிருந்தது.

சிவப்பு மை அழியாது.
தாளை நாலாய் மடித்துக் கைப்பையில் போட்டு
வேறு தாள் எடுத்தாள்.
"மார்க் இல்லீங்க அது. உங்க ஊர்."
கெர்ரி-ஆனுக்குப் புரிந்ததா தெரியவில்லை.
காலுறையை இழுத்துவிடக் குனிந்தாள்.

புதுத் தாளில்
d-க்கு வட்டம், t-க்கு வட்டம்.
மூன்றுகள் வட்டமில்லாமல் உட்கார்ந்திருந்தன.
ஈஸ்டருக்குள் ஆடு தன் g-யோடு வந்துவிடும்,
வராமலும் போகலாம்.
பையன் அதற்குள் மேசைக்கடியில் போயிருந்தான்,
சாவியைத் தேடி. டீ, டீ.

இரவு, தெற்கிலிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள்.
"அங்கே ஸ்னோவா?"
ஜன்னலில் அது விழுந்துகொண்டுதான் இருந்தது.
ஆமாம் என்றாள் ஹெஸ்டர்,
பனி என்ற சொல்லை
வாயில் வைத்துக்கொண்டே.